இரு மருமக்கள்: சோழர் – கீழைச் சாளுக்கியர் மண உறவில் உறவுச்சொற்களும் மொழிபெயர்ப்பும்

பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதும் நூல்கள் 1070ஆம் ஆண்டை எட்டும்போது பெரும்பாலும் ஒரே வினாவில் வந்து நிற்கின்றன. முதற் குலோத்துங்கன் சோழ அரியணையைக் கவர்ந்தவனா, உரிமையால் பெற்றவனா என்பதே அவ்வினா. இதற்கு விடை தேடிக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் இலக்கியங்களும் நூறாண்டுக்கும் மேலாகத் துருவப்பட்டுள்ளன. எனினும் அவ்வினா எந்த மொழியில் முதலில் கேட்கப்பட்டது என்பதை ஆய்வாளர் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. சோழர் வரலாறு முறையாக எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். கல்வெட்டுகளின் முதல் பெயர்ப்புகளும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. தமிழில் பின்னர் எழுந்த வரலாற்று நூல்கள் பலவும் அவ்வாங்கிலத்தின் வழியாகவே தம் சொற்களைப் பெற்றன. மருமகன் என்பது நெவ்யூ என்றோ சன்-இன்-லா என்றோ ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ‘சகோதரி மகன்’ என்றோ ‘மகளின் கணவன்’ என்றோ தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இப்பயணத்தில் இழந்தது ஒரு சொல் மட்டுமன்று. ஓர் அரசியல் ஏற்பாட்டின் இலக்கணமே இழக்கப்பட்டது.

உண்மைகள் நன்கு அறியப்பட்டவை. கீழைச் சாளுக்கிய மரபைச் சேர்ந்த சக்திவர்மனும் அவன் தம்பி விமலாதித்தனும் வேங்கி நாட்டை இழந்து சோழர் அரவணைப்பில் இருந்தனர். முதலாம் இராசராசன் படையுதவி செய்து சக்திவர்மனை வேங்கியில் அமர்த்தினான். தன் மகள் குந்தவையை விமலாதித்தனுக்குக் கொடுத்தான். இக்குந்தவை, இராசராசனின் தமக்கையும் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியுமான குந்தவையிலிருந்து வேறானவள். இவள் வயிற்றில் பிறந்தவன் இராசராச நரேந்திரன். நன்னயன் தெலுங்கில் பாரதம் பாடியது இவன் அவையிலேதான். இவனுக்கு முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை மணமுடிக்கப்பட்டாள். அவர்களின் மகன் குலோத்துங்கன். அவன் மணந்தது இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை. மூன்று தலைமுறை, மூன்று மணங்கள். மூன்றிலும் பெண் கொடுத்தவர் சோழர், பெற்றவர் வேங்கியார். முதல் மணம் நீங்கலாக மற்ற இரண்டிலும் மணமகன் கொண்டது தன் தாய்மாமன் மகளை.

தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூலில் இம்மணங்களைத் திராவிட முறைப்பெண் மணத்தின் அரச வடிவமாக எடுத்துக்காட்டினார். அது பெரும்பணி. வடமொழிச் செப்பேடுகளின் அரசவழிப் பட்டியல்களிலிருந்து ஒரு திராவிட ஒழுங்கைப் பிரித்தெடுத்துக் காட்டியது அவர் நூல். ஆயினும் வரைபடத்தில் முக்கோணமும் வட்டமும் கோடும் சொல்லக்கூடியவை ஓர் எல்லைக்கு உட்பட்டவை. யார் யாரை மணந்தார் என்பதை அவை காட்டும். மணந்த பின் அவரை என்ன சொல்லி அழைத்தனர் என்பதைக் காட்டா. மொழியியலாருக்கு உரிய பகுதி இந்த இரண்டாவது வினாவே.

இராசராச நரேந்திரன் பிறந்த நாளிலிருந்தே முதலாம் இராசேந்திரனுக்கு மருமகன். ஏனெனில் உடன்பிறந்தாள் மகன். அம்மங்கையை மணந்த பின்னும் அவன் மருமகனே. ஏனெனில் மகளின் கணவன். மணத்துக்கு முன்னும் பின்னும் சொல் ஒன்றுதான். மணம் இங்கே புதிய உறவு எதையும் உண்டாக்கவில்லை. இருந்த உறவுக்கு அது உறுதி கூட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மருமகன் என்பதற்கு இவ்விரு பொருளையும் தருகிறது. ஆனால் அவற்றை இரண்டு பொருள் என எண்ணிப் பிரிப்பது ஆங்கிலத்தின் பார்வை. தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் ஒன்றே. தன் மக்களோடு மணவுறவு கொள்ளத்தக்க இளைய தலைமுறை ஆண் என்பதே அது. அவன் மணந்துவிட்டானா இல்லையா என்பது சொல்லைப் பொறுத்தவரை தற்செயல். லூயி துய்மோன் 1957இல் தென்னிந்திய உறவுமுறை பற்றி எழுதியபோது, மணவுறவு இங்கே தலைமுறை தலைமுறையாக மரபுரிமை போல் கைமாறுகிறது என்று வாதிட்டார். பிரமலைக் கள்ளரிடையே அவர் கண்டதை வேங்கி அரண்மனையில் காண்பதற்கு வரைபடம் வேண்டியதில்லை. மருமகன் என்ற ஒரு சொல்லே போதும்.

இப்பின்புலத்தில் 1070ஐ மீண்டும் நோக்கலாம். அவ்வாண்டு இறந்த வீரராசேந்திரன் இரண்டாம் இராசேந்திரனின் தம்பி, அம்மங்கையின் உடன்பிறந்தான். ஆகவே குலோத்துங்கன் அவனுக்கு மருமகன். வீரராசேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்திருந்தான். ஆகவே விக்கிரமாதித்தனும் மருமகன். வீரராசேந்திரனின் மகன் அதிராசேந்திரனுக்கோ இருவரும் மைத்துனர். ஒருவன் அத்தை மகன், மற்றவன் உடன்பிறந்தாளின் கணவன். ஆங்கில நூல்களில் ஒரு நெவ்யூவும் ஒரு சன்-இன்-லாவும் மோதிக்கொள்கின்றனர். வேறு வேறு வாயில்களிலிருந்து வந்த இருவர் போல அவர்கள் தோன்றுகின்றனர். தமிழில் பார்த்தால் ஒரே உறவுநிலையில் நிற்கும் இரு மருமக்களின் போட்டி இது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் படையோடு வந்து மைத்துனனை அரியணையில் ஏற்றிவிட்டுத் திரும்பினான் என்றும், சில நாளில் அம்மைத்துனன் கலகத்தில் இறக்க வேங்கியான் அரசைக் கைக்கொண்டான் என்றும் பில்கணர் தம் விக்கிரமாங்கதேவ சரிதத்தில் பாடுகிறார். அதிராசேந்திரன் நோயுற்று இறந்தான் என்று கொள்ளும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், புதிய மருமகனிடமிருந்து பழைய மருமகனுக்கு அரசு சென்றது. ஒரே ஒரு மணத்தால் வந்த மருமகனைவிட மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து வந்த மருமகன் நாட்டுக்குள் அறியப்பட்டவனாயிருந்தான். இதை ‘கவர்தல்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடுவது பில்கணரின் கட்சியை அறியாமலே ஏற்பதாகும். பில்கணர் விக்கிரமாதித்தனின் அவைக்களப் புலவர். குலோத்துங்கனை ‘ராஜிக’ என்ற குறுக்கப் பெயரால் குறிப்பவர். பெயரைக் குறுக்குவது எதற்கு என்பதை எந்த மொழிக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெயர் பற்றி இன்னொன்று. பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் உட்பொருள். விமலாதித்தனின் மகனுக்கு இடப்பட்ட பெயர் இராசராசன். அது அவன் தாயின் தந்தை பெயர். தந்தையின் தந்தையான தானார்ணவன் பெயர் அவனுக்கு இடப்படவில்லை. அவன் மகனுக்கு இடப்பட்ட பெயர் இராசேந்திரன். அதுவும் தாயின் தந்தை பெயரே. குலோத்துங்கன் என்ற பெயர் பின்னர் வந்தது. கீழைச் சாளுக்கியரின் பழைய வழக்கில் விசயாதித்தன், விட்டுணுவர்த்தனன் என்ற பெயர்கள் மாறி மாறி முடிசூட்டுப் பெயர்களாக வந்தன. அவை முற்றும் மறையவில்லை. ஆயினும் இரு தலைமுறைகள் தொடர்ந்து தாய்வழிப் பாட்டன் பெயரைத் தாங்கியமை, பெண் கொடுத்தவரின் மேன்மையைப் பெண் எடுத்தவர் வீட்டுத் தொட்டிலிலேயே எழுதி வைத்ததற்கு ஒப்பாகும். விமலாதித்தனுக்கு மேளமா என்ற மற்றோர் அரசியிடம் பிறந்த மகனின் பெயர் விசயாதித்தன் என்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். ஒரே தந்தையின் இரு மக்களுள் ஒருவன் சோழப் பெயரும் மற்றவன் சாளுக்கியப் பெயரும் தாங்குகின்றனர். வேங்கி அரசுக்காக இருவரும் நெடுங்காலம் பொருதனர். விசயாதித்தனுக்கு மேலைச் சாளுக்கியர் துணை நின்றனர்.

சோழர் பக்கத்திலும் இத்தகைய மாற்றுமுறை உண்டு. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் அரசர்க்கு அரசர் மாறி வருவன. வீரராசேந்திரன் இராசகேசரி, அதிராசேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் இராசகேசரி. சோழ மரபின் எண்ணிக்கையில் இடைவெளியின்றி அவன் பொருந்திக்கொண்டான்.

தாய்வழிப் பாட்டன் பெயரை இட்டு அரசியல் பேசுவது தென்னாட்டுக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசன் தியோடோசியுஸின் மகள் கல்லா பிளாசிடியா 410இல் உரோம் சூறையாடப்பட்ட காலத்தில் கோத்தியரிடம் சிக்கியவள். 414இல் அவளை நார்போன் நகரில் கோத்திய அரசன் அதால்ஃப் மணந்தான். அவர்களுக்குப் பிறந்த ஆண்மகவுக்கு இட்ட பெயர் தியோடோசியுஸ். குழந்தை சில நாளில் இறந்தது. அது பிழைத்திருந்தால் மேற்குப் பேரரசின் வரலாறு என்னவாகியிருக்கும் என வரலாற்றாசிரியர் இன்றும் ஊகிப்பதற்குக் காரணம் அப்பெயர்தான். எனினும் ஒப்புமை இங்கே முடிகிறது. பிற்கால உரோமில் மணவுறவின் இலக்கணம் தமிழகத்தினதற்கு நேர்மாறானது. உடன்பிறந்தார் மக்களிடையே மணம் கூடாது என்று தியோடோசியுஸே சட்டம் செய்தான். அக்காலத்தில் வாழ்ந்த அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் பதினைந்தாம் பகுதியில் இதற்கு ஒரு காரணம் காட்டுகிறார்: தந்தை என்பதும் மாமனார் என்பதும் இரண்டு உறவுப் பெயர்கள்; அவை இரு வேறு ஆட்களிடம் இருந்தால் அன்பு மேலும் பலரைத் தழுவும்; ஒருவரிடமே குவிந்தால் அது சுருங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். உறவுச்சொற்களை எண்ணி எண்ணிச் சமுதாயக் கொள்கை வகுத்த பழைய எழுத்துகளுள் இது குறிப்பிடத்தக்கது. சோழ அரண்மனையில் எவரேனும் இதைப் படித்திருந்தால் எதிர்வாதம் சொல்லியிருப்பர். பல பெயர்களை ஒருவரிடம் சேர்ப்பதே அவர்கள் வழி.

ஸ்டிலிகோவின் செய்தி இதைத் தெளிவாக்கும். வண்டாலியத் தந்தைக்குப் பிறந்த இப்படைத்தலைவனுக்குத் தியோடோசியுஸ் தன் தமையன் மகளும் வளர்ப்பு மகளுமான செரீனாவைக் கொடுத்தான். பின்னர் ஸ்டிலிகோ தன் மகள் மரியாவையும், அவள் இறந்தபின் தெர்மாந்தியாவையும் பேரரசன் ஹொனோரியுஸுக்கு மணமுடித்தான். உரோமில் அவன் சிறப்புக்காக நிறுத்தப்பட்ட கல்வெட்டு ஒன்று அவனை மறைந்த தியோடோசியுஸின் ‘ப்ரோகெனெர்’ என்றும், ஹொனோரியுஸின் ‘சோகெர்’, அதாவது மாமனார், என்றும் குறிக்கிறது. அரச மணவுறவுக்குள் அவன் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் என்பதையும் தனியே கூறுகிறது. ப்ரோகெனெர் என்பதன் வழக்கமான பொருள் பேர்த்தியின் கணவன். தமையன் மகளின் கணவனுக்குச் சொல் கிடைக்காமல் அதை இழுத்துப் பொருத்தியிருக்கின்றனர். ஒவ்வொரு மணத்துக்கும் ஒவ்வொரு சொல் தேட வேண்டியிருந்தது. அச்சொற்கள் அவனைக் காக்கவுமில்லை. 408இல் மருமகனின் ஆணையாலேயே அவன் கொல்லப்பட்டான். தெர்மாந்தியா தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். உறவு மணத்தால் உண்டாகும் நாட்டில் மண முறிவால் உறவும் அறும். மணத்துக்கு முன்பே உறவு இருக்கும் நாட்டில் அவ்வாறு அறுவது எளிதன்று.

கலிங்கத்துப் பரணியின் அவதாரப் பகுதியில் செயங்கொண்டார் செய்திருப்பது இவ்விலக்கணத்தை நன்கறிந்த ஒருவரின் வேலை. குழந்தை பிறந்ததும் அதைக் கையில் எடுப்பவள் தாய்வழிப் பாட்டி; கங்கைகொண்ட சோழனின் தேவி. அங்க இலக்கணங்களைக் கண்டு மகிழ்ந்து, இவன் எமக்கு மகனாகிக் கதிரவன் குலத்தை விளங்கச் செய்வான் என்று அவள் கருதுவதாகப் புலவர் பாடுகிறார். பேரன் என்று சொல்லாமல் மகன் என்று சொல்லவைத்தமை இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. மகள்வழிப் பேரன் என்றால் அவன் பிறந்த குலம் வேறு. மகன் என்றால் குலம் ஒன்று. ஒரு பெயர்ச்சொல்லை மாற்றிவைத்துச் சந்திர குலத்தானைச் சூரிய குலத்தான் ஆக்கிவிடுகிறார் செயங்கொண்டார். இவ்விடத்தைக் கொண்டு, இராசேந்திரன் தன் பேரனைத் தத்து எடுத்தான் என முடிவு செய்த ஆய்வாளர் உண்டு. அவ்வாறு கொள்வது பாட்டைப் பத்திரமாகப் படிப்பதாகும். மகன் இல்லாதவன் மகளின் மகனை மகனாகக் கொள்ளும் முறை வடமொழி அறநூல்களில் ‘புத்திரிகாபுத்திரன்’ என்ற பெயரால் கூறப்படுகிறது. இராசேந்திரனுக்கோ மக்கள் பலர். அவர்களுள் மூவர் அடுத்தடுத்து ஆண்டனர். தத்துக்குத் தேவையுமில்லை, சான்றுமில்லை. பாட்டி பேரனை மகனே என்று அழைப்பது தமிழ் வீடுகளில் அன்றாடம் கேட்பது. அந்த வீட்டு வழக்கை அரசியல் வழக்காக்கியதே செயங்கொண்டாரின் திறன். ஆங்கிலத்தில் இதைச் சன் என்று மட்டும் பெயர்க்கும்போது வீட்டு வழக்கு போய்விடுகிறது. எஞ்சுவது சட்டம் மட்டுமே.

தெலுங்கு நாட்டில் கிடைத்த செப்பேடுகள் இதே மனிதனை வேறு விதமாகக் காட்டுகின்றன. குலோத்துங்கனின் மகன் வீரசோடன் வேங்கியில் ஆளுநனாக இருந்த காலத்துச் செல்லூர்ச் செப்பேடு சந்திரனில் தொடங்கிச் சாளுக்கிய வழியாகவே வருகிறது. அம்மங்கை அங்கே சூரிய குலத்து அரசனின் மகள். மதுராந்தகி அக்குலத்து மற்றோர் அரசனின் மகள். குலோத்துங்கன் முதலில் வேங்கிக்கு முடிசூடிப் பின்னர்ச் சோழ அரசுக்கு முடிசூடியவன். ஆக, தமிழில் சோழன், வடமொழியில் சாளுக்கியன். மொழி மாறும்போது முன்னோரும் மாறுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் அருகருகே வைக்கும்போது அவை ஒன்றையொன்று மறுக்கும் இரு சான்றுகளாகத் தோன்றுகின்றன. எது உண்மை என்ற வினா பிறக்கிறது. வடமொழியில் மகனின் மகன் ‘பௌத்திரன்’, மகளின் மகன் ‘தௌகித்திரன்’. அங்கே எந்த வழி என்று சொல்லாமல் நகர முடியாது. பேரன் என்ற தமிழ்ச் சொல் அவ்வினாவுக்கு விடை சொல்லாமலே இருக்க இடம் தருகிறது. செயங்கொண்டாருக்கு அது வாய்ப்பாயிற்று.

மணங்களைக் குறிக்கும் பொதுச் சொல்லும் ஆராயத்தக்கது. அலையன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் நாடுகளின் உடன்படிக்கைக்கும் குடும்பங்களின் மணத்துக்கும் பொதுவாக நிற்கிறது. இதைத் தமிழாக்குவோர் ‘மண உடன்பாடு’, ‘திருமண ஒப்பந்தம்’ என்றெல்லாம் எழுதுகின்றனர். ‘மணக்கூட்டணி’ என்று எழுதுவாரும் உண்டு. தேர்தல் காலத்துச் சொல்லை இராசராசன் வீட்டுத் திருமணத்துக்குச் சூட்டுவதைப் படிக்கும்போது நகைப்பு எழுவது இயல்பே. ‘அரசியல் திருமணம்’ என்பதோ அரசியல் கலவாத அரச மணம் ஒன்று இருந்தது போன்ற மயக்கத்தைத் தருகிறது. தமிழில் இதற்கு வழக்குச் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. கொள்வினை கொடுப்பினை என்று ஊரார் சொல்வது இதனையே. இச்சொல்லில் யார் கொடுத்தார், யார் கொண்டார் என்னும் திசை அடங்கியிருக்கிறது. அலையன்ஸ் என்பதில் அது இல்லை. சோழர் – வேங்கி உறவில் திசையே செய்தி என்பதை மேலே கண்டோம்.

திசையின் பொருளும் எங்கும் ஒன்றன்று. புறநானூற்றின் மகட்பாற் காஞ்சிப் பாடல்களில் பெண் கேட்டு வருபவன் வேந்தன். மறுப்பவன் சிற்றூர்த் தலைவன். அங்கே கொடுத்தல் பணிதலாகக் கருதப்பட்டது. பாரி மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று ஏற்குமாறு வேண்டியபோது நிலைமை தலைகீழ்; தந்தையை இழந்த பெண்களைக் கொள்வார் இல்லை. சோழப் பேரரசில் கொடுப்பவன் ஓங்கி நிற்கிறான். இப்படி மூவகைச் சூழல் உள்ள மொழியில் ஒரே ஆங்கிலச் சொல்லை எங்கும் நிரப்புவது எளிய வழி மட்டுமே. வீரராசேந்திரன் மகளின் மணத்தையே எடுத்துக்கொள்ளலாம். பில்கணர் பார்வையில் அஞ்சிய சோழன் மகளைத் தர முன்வந்தான். சோழர் கல்வெட்டிலோ தன் அடியை அடைந்த சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கண்டிகை கட்டி, இரட்டபாடி ஏழரை இலக்கமும் வென்று கொடுத்தவன் வீரராசேந்திரன். அங்கே முன் நிற்பது கண்டிகை, மகளன்று. இரு தரப்பும் ‘கொடுத்தான்’ என்கின்றன. கொடுத்த பொருளில்தான் வேறுபாடு.

அரண்மனைப் பெண்களைக் குறிக்கும் சொற்கள் தனிக்கட்டுரைக்கு உரியவை. ஒன்றிரண்டை மட்டும் சுட்டலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் கொடைகளை வரிசைப்படுத்தும்போது தனக்கு அடுத்து வைப்பது ‘அக்கன்’. அதன் பின்னரே ‘பெண்டுகள்’. மனைவியர்க்கு மேலே தமக்கை நிற்கும் இவ்வரிசையைப் பெயர்ப்பாளர் மாற்றாமல் காத்துள்ளனர்; அதற்கு நன்றி. ஆனால் ‘அணுக்கி’ என்ற சொல்லுக்கு அந்நன்றி பொருந்தாது. திருவாரூர்ப் பரவை நங்கையார் முதலாம் இராசேந்திரனின் அணுக்கியார். ஆங்கிலப் பெயர்ப்பிலும் அதன் வழிவந்த தமிழ் நூல்களிலும் அவர் காமக்கிழத்தி. அணுக்கன் என்று ஓர் ஆடவனைச் சொன்னால் அரசனுக்கு நெருங்கிய பணியாளன் என்று பொருள் கூறுவோர், அதே சொல் பெண்பால் ஈறு பெற்றவுடன் பொருளையும் மாற்றிவிடுகின்றனர். அணுகியிருத்தல் என்பதற்கு மேல் சொல்லில் எதுவும் இல்லை. அரசனும் பரவையாரும் திருவாரூர்க் கோயிலில் நின்ற இடத்தில் விளக்கு வைக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. அவ்விளக்கு எதைச் சொன்னது என்பதை அகராதியாலன்றிக் கல்வெட்டுகளின் தொடர்களால் அறிய வேண்டும்.

வரைபடமாகக் கண்ட முறையை வழங்கும் மொழியாகவும் கேட்க இயலும். அதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று பெங்களூருவின் காக்ஸ் டவுன். பழைய படைமுகாம் பகுதியில், கலெக்டராக இருந்த காக்ஸின் பெயரால் அமைந்த குடியிருப்பு அது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் இடங்களில் உறவுச்சொற்கள் வேலி தாண்டிப் போய்வருகின்றன. தமிழ் வீட்டு மாமன் கன்னட வீட்டில் மாவ, அத்தை அத்தெ, மருமகன் அளிய, மருமகள் சொசெ. வடிவம் வேறாயினும் கட்டமைப்பு ஒன்றே. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் தமிழர் தாய்மாமன், மாமனார் என்பர். கன்னடியர் தாய்மாமனைச் சோதரமாவ என்றும் உடன்பிறந்தாள் மகனைச் சோதரளிய என்றும் பிரிப்பர். பிரிப்பு வேண்டும்போது மட்டும் பிரிப்பு. அடிச்சொல் ஒன்றாகவே நிற்கிறது. அங்கே மொழிபெயர்ப்பு இடையூறின்றி நடக்கிறது. இடையூறு ஆங்கிலத்தில்தான். காக்ஸ் டவுன் பிள்ளைகளுக்குத் தாய்மாமனும் அங்கிள், சிற்றப்பனும் அங்கிள், பக்கத்து வீட்டாரும் அங்கிள், கடைக்காரரும் அங்கிள். மணக்கத்தக்கவர் யார், தகாதவர் யார் என்று திராவிட உறவுமுறை வரையும் முதற்கோடு தந்தையின் உடன்பிறந்தானுக்கும் தாயின் உடன்பிறந்தானுக்கும் இடையில் செல்வது. அக்கோட்டின் மேலேயே அங்கிள் அமர்ந்திருக்கிறது. சோழர் வரலாற்றின் ஆங்கிலப் பக்கங்களிலும் அதே சொல் அதே இடத்தில் அமர்ந்திருப்பதை அடையாளம் காண்பது கடினமன்று.

அளிய என்ற சொல் வரலாற்றில் பெற்ற இடமும் பெரிது. துளு நாட்டில் உடன்பிறந்தாள் மகனுக்குச் சொத்து சேரும் முறைக்கு அளியசந்தானம் என்று பெயர். மலையாளத்தில் அளியன் என்றால் மைத்துனன். விசயநகரத்தில் கிருட்டிணதேவராயரின் மகளை மணந்த இராமராயர் அளிய இராமராயர் என்றே அழைக்கப்பட்டார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் இறக்கும்வரை ஆட்சியின் கடிவாளம் அவர் கையில் இருந்தது. அரியணை பெயரளவில் வேறொருவருடையது. அவருடைய அதிகாரத்தின் ஊற்று எது என்பதை அவர் பெயரின் முதற்சொல்லே சொல்லிவிடுகிறது. ஆங்கில நூல்கள் அம்முதற்சொல்லை விட்டுவிட்டு இராமராயர் என்று மட்டும் எழுதிய பின், அவருக்கு அவ்வளவு செல்வாக்கு எவ்வாறு வந்தது என்று தனியே விளக்கவேண்டியதாகிறது.

காக்ஸ் டவுனுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொம்மலூரில் சொக்கப்பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூர் இலைப்பாக்க நாட்டுத் தொம்பலூர். இலைப்பாக்கம் இன்றைய எலகங்கா. சோழர் ஆட்சியைத் தொடர்ந்து போசளர் ஆட்சியிலும் இப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் போசள வீரசோமேசுவரன் திருவரங்கத்துக்கு அண்மையில் உள்ள கண்ணனூரில் இருந்துகொண்டு சோழ பாண்டிய அரசியலைத் தராசு பிடித்தான். சோழனும் பாண்டியனும் தத்தம் கல்வெட்டுகளில் அவனைக் குறித்த சொல் ‘மாமடி’. மாம என்பதோடு மதிப்புப் பொருள் தரும் அடி சேர்ந்த வடிவமாக இதைக் கொள்ளலாம். எந்த மணத்தால் இவ்வுறவு வந்தது என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்தவரல்லர். எனினும் ஒருவன் இரு பகைவர்க்கும் மாமன் என்பது, கொள்வினை கொடுப்பினையில் அவன் எங்கே நின்றான் என்பதைக் காட்டப் போதுமானது. மூன்றாம் இராசேந்திர சோழனின் திருவரங்கக் கல்வெட்டில் அவன் மாமடி சோமேசுவரனுக்கு எதிரான காலதண்டம் எனப் புகழப்படுகிறான். சோமேசுவரன் தன் கையால் வீரக்கழல் பூட்டிய கால் உடையவன் என்ற புகழும் அவனுக்கு உண்டு. பகையிலும் நட்பிலும் உறவுச்சொல் கைவிடப்படவில்லை. காலதண்டத் தொடர் வடமொழித் தொகை. அதை யாத்தவருக்கு ‘மாதுலன்’ என்ற சொல்லும் தெரியும், ‘சுவசுரன்’ என்ற சொல்லும் தெரியும். முன்னது தாய்மாமன், பின்னது மாமனார். இரண்டையும் விட்டு, அவர் அவ்வடமொழித் தொகையின் நடுவே மாமடி என்றே எழுதினார்.